ஆண்டுதோறும் மருந்துப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தும் வார்டில் தவறு குறையவில்லை. வகுப்பை எப்படி மாற்றுவது?

நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரியிலேயே நிலைமை தெரிகிறது. வருடம் ஒருமுறை, அரங்கில் 3 மணி நேரம், ஸ்லைடு மேல் ஸ்லைடு, வருகைப் பதிவில் கையெழுத்து, கடைசியில் சான்றிதழ். உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இரவு டியூட்டி முடித்து நேராக வந்தவர்களாக இருப்பார்கள். நீங்கள் பயிற்சிப் பொறுப்பில் இருக்கும் நர்ஸ் அல்லது பார்மசிஸ்ட் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கசப்பான விஷயம். மருந்துத் தவறைத் தடுக்கும் வழிகளில் மிக வலுக் குறைந்தது பயிற்சிதான். ஆபத்தான ஆம்பூலை (ஊசிமருந்து அடைத்த சிறு குப்பியை) அலமாரியிலிருந்தே எடுத்துவிடுவது அதைவிட எவ்வளவோ மேல். பயிற்சியே வீண் என்று சொல்லவில்லை; அப்படிச் சொன்னதாகச் சண்டைக்கு வருபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். வகுப்பு நடந்த அதே வாரத்தில் வார்டில் ஒரு பொருளாவது இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் வகுப்பு வெறும் பேச்சு.

ஆகவே அரங்கை விடுங்கள். டியூட்டி மாறும் நேரத்தில், மருந்து டிராலி பக்கத்திலேயே, 15 நிமிடம், ஒரே ஒரு மருந்து. அதையே ஒரு வாரம் கழித்து 5 நிமிடம், ஒரு மாதம் கழித்து 5 நிமிடம். மார்பை அழுத்தி உயிர் மீட்கும் பயிற்சியே 3 முதல் 6 மாதத்தில் கைவிட்டுப் போகத் தொடங்குகிறது. வருடத்துக்கு ஒருமுறை கேட்ட பேச்சு எங்கே நிற்கும்?

பொட்டாசியம் குளோரைடில் தொடங்குங்கள். 15 சதவீத ஆம்பூல், 10 மில்லியில் 20 மில்லி ஈக்விவேலன்ட் (mEq, உப்பின் அளவைச் சொல்லும் அலகு). ஒரு டிரேயில் அது, டிஸ்டில்டு வாட்டர், சலைன் மூன்றையும் கலந்து வைத்து, விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கி, "ஆன்டிபயாடிக் கரைக்கத் தண்ணீர் எடுங்கள்" என்று சொல்லுங்கள். யார் லேபிளைப் படிக்கிறார்கள், யார் ஆம்பூலின் உருவத்தை மட்டும் பார்த்து எடுக்கிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்து, காலாவதியான ஒரு பொட்டாசியம் ஆம்பூலில் ஒரு சொட்டு நீல மை கலந்து, ஸ்டாண்டில் தொங்கும் சலைன் பைக்குள் கீழ்த் துளை வழியாக மெதுவாகச் செலுத்துங்கள். பையைக் குலுக்க வேண்டாம். பொட்டாசியக் கரைசல் சலைனைவிட அடர்த்தி கூடியது. நீலம் அடியில், குழாய் தொடங்கும் இடத்திலேயே, தேங்கி நிற்கும். ஓடுகிற டிரிப்பில் பொட்டாசியத்தைச் சேர்த்தால் முதல் சில நிமிடங்களில் நோயாளிக்குப் போவது அந்த நீலம்தான். இதயம் நிற்க அது போதும். இன்னொரு பையைக் கழற்றி, அதே மாதிரி சேர்த்து, 10 முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்திக் காட்டுங்கள். பை முழுக்க ஒரே வெளிர்நீலமாகிவிடும். இதைக் கண்ணால் பார்த்தவர் தொங்கும் பையில் ஊசி குத்தத் தயங்குவார்.

டெமோ முடிந்ததும் பைகளை அங்கேயே வெட்டி ஊற்றிவிடுங்கள். பயிற்சிக்கென்று தயாரித்த சலைன் பைகள் நிஜ நோயாளிகளுக்கே ஏற்றப்பட்டது 2014இல் அமெரிக்காவில் நடந்திருக்கிறது.

கூடவே சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். பொட்டாசியத்தை நேரடியாக ரத்தக்குழாயில் தள்ளவே கூடாது. கையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகப் பொதுவாக மணிக்கு 10 மில்லி ஈக்விவேலன்டுக்கு மேல் வேண்டாம், லிட்டருக்கு 40க்கு மேல் வேண்டாம். உங்கள் மருத்துவமனை நெறிமுறை வேறு அளவு சொன்னால் அதன்படி. அந்த வாரமே வார்டு அலமாரியிலிருந்து அடர்கரைசல் ஆம்பூல்கள் பார்மசிக்குத் திரும்பிப் போக வேண்டும். ஐசியூவில் இருந்தே ஆக வேண்டுமென்றால் தனிப் பெட்டி, தனிப் பூட்டு.

இரண்டாவது பாடம் இருவர் சரிபார்ப்பு, அதாவது ஒருவர் போட்ட மருந்துக் கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்ப்பது. பெரும்பாலான இடங்களில் அது நாடகம். டோபமின் (ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து) ஏற்றும்போது, "டோபமின் 4.5, சரிதானே சிஸ்டர்?" "சரி." கையெழுத்து. முதலாமவர் விடையைச் சொல்லிவிட்டாலே இரண்டாமவர் மனம் அதற்குத் தலையாட்டும். டாக்டரின் ஆணைத் தாள், ஆம்பூல், வெற்றுத் தாள், இவ்வளவுதான் இரண்டாமவர் கைக்குப் போக வேண்டும். அதே டோபமின் கணக்கை அவரே போடட்டும்: 60 கிலோ நோயாளி, ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம், 50 மில்லி சிரிஞ்சில் 200 மில்லிகிராம். நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18 மில்லிகிராம், மில்லிக்கு 4 மில்லிகிராம். விடை மணிக்கு 4.5 மில்லி. இருவர் விடையும் ஒத்துப்போகவில்லை என்றால் மூத்தவர் சொன்னதே சரி என்று போகாமல், மூன்றாவதாக ஒருவர் முதலிலிருந்து போட வேண்டும். எல்லா மருந்துக்கும் இதை வைத்தால் ஒரே மாதத்தில் வெறும் கையெழுத்தாகிவிடும். இன்சுலின், ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), பொட்டாசியம், மார்ஃபின் வகை வலி மருந்துகள், புற்றுநோய்க்கான கீமோ, குழந்தைகளுக்கான டிரிப் ஆகியவற்றோடு நிறுத்துங்கள்.

இன்சுலினுக்கு ஒரே கணக்கு போதும். மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக் குப்பியிலிருந்து, மில்லிக்கு 40 யூனிட் என்று கோடு போட்ட சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மாற்றி 40 குப்பியும் 100 சிரிஞ்சும் என்றால் 8 யூனிட்தான். நீங்கள் விடையைச் சொல்லாதீர்கள், அவர்களே போடட்டும். இரண்டு வகையும் ஒரே வார்டில் இருந்தால் ஒன்றை வெளியேற்றுவதுதான் நிஜமான பாடம்.

நோயாளியை அடையாளம் காண்பதற்கு 2 நிமிடம் போதும். "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் போடுவார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். படுக்கை எண் அடையாளமே அல்ல. டாக்டர்களையும் ஒரு நாளாவது இந்த வகுப்பில் நிற்க வையுங்கள். போனில் சொல்லும் பிஃப்டீனும் பிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும். "ஒன்று, ஐந்து" என்று பிரித்துச் சொல்லவும், திருப்பி வாசிக்கக் கேட்கவும் அவர்களும் பழக வேண்டும்.

இது நீங்கள் கேட்டதல்ல, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. நிறமற்ற கண்ணாடி ஆம்பூலில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர், பக்கத்திலேயே பெரிய எழுத்தில் கம்பெனி முத்திரை. ஒரே கம்பெனியின் பத்து மருந்துக்கும் ஒரே வண்ணப் பட்டை. விளக்கணைத்த வார்டில், இரவு 3 மணிக்கு அதைப் படிக்கும் பாரம் முழுவதும் நர்ஸின் தலையில். தவறு நடந்தால் விசாரணையும் அவருக்கு மட்டும். அந்த லேபிளை வடிவமைத்தவரையோ, விலை மட்டும் பார்த்து வாங்கிய கொள்முதல் பிரிவையோ எந்தப் பயிற்சி வகுப்புக்கும் யாரும் அழைப்பதில்லை. வாங்கும் முன் ஆம்பூலை ஒரு நர்ஸிடம் காட்டுங்கள் என்று கேட்டால், அது எங்கள் வேலை இல்லை என்பார்கள்.

பலன் தெரிய எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். வகுப்புக்கு முன் மருந்து கொடுப்பதை 20 முறை அருகில் நின்று பாருங்கள். எத்தனை முறை கைப்பட்டை படிக்கப்பட்டது, எத்தனை சிரிஞ்சில் லேபிள் ஒட்டியிருந்தது, இந்த இரண்டை மட்டும் எண்ணுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னும் 20. தாளில் யார் பெயரும் வேண்டாம்.

வகுப்பு நன்றாக நடந்தால், தவறுகளையும், நடக்கவிருந்து கடைசி நேரத்தில் தப்பியவற்றையும் பற்றிய அறிக்கைகள் முதல் சில மாதங்களில் கூடத்தான் செய்யும். தவறு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. முன்பு மறைத்ததை இப்போது எழுதுகிறார்கள். இதைத் தொடங்கும் முன்பே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது மாதம் எண்ணிக்கையைப் பார்த்து மிரண்டு, வகுப்பைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.