கணக்கு டீச்சர் பதில்கள்

எட்டாம் வகுப்பு மாணவி, திருமங்கலம்: மூன்று நண்பர்கள் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு 300 ரூபாய்க்கு ஒரு பந்து வாங்கினார்கள். விலை 250தான் என்று கடைக்காரர் 50 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்த பையன் 20 ரூபாயை வைத்துக்கொண்டு ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தான். ஆளுக்கு 90 என்றால் 270. பையனிடம் 20. ஆக 290. மீதிப் பத்து ரூபாய் எங்கே டீச்சர்?

எங்கேயும் போகவில்லை கண்ணு. முப்பது புளியங்கொட்டை எடுத்துக்கொள். ஒரு கொட்டை பத்து ரூபாய். இப்போது கடைசியில் யார் கையில் எத்தனை என்று தரையில் பிரித்து வை. கல்லாவில் 25, பையனிடம் 2, நண்பர்களிடம் ஆளுக்கு ஒன்றாக 3. முப்பதும் இருக்கிறதா?

270 என்பது நண்பர்கள் செலவழித்த பணம். பையன் எடுத்த 20 அதற்குள்ளேயே இருக்கிறது. அதை 270இலிருந்து கழித்தால் பந்தின் விலை 250 வரும். கூட்டினால் வருகிற 290 எதன் கணக்கும் இல்லை. 300க்குப் பக்கத்தில் இருப்பதால்தான் நம்மைக் குழப்புகிறது.

பத்தாம் வகுப்பு மாணவர், அறந்தாங்கி: நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாகவும் சிறிதிலிருந்து பெரிதாகவும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் 6174 வரும் என்கிறார்கள். நான் 2111 எடுத்தேன். 2111 – 1112 = 999. அப்புறம் 999 – 999 = 0. விதி பொய்தானே?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவ்வளவு சந்தோஷம். சொன்னதை நம்பிவிடாமல் பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களே!

ஒரே ஒரு பூஜ்யத்தைத்தான் தவறவிட்டீர்கள். நான்கு இலக்கத்தில் தொடங்கினால் கடைசிவரை நான்கு இலக்கமாகவே எழுத வேண்டும். 999 அல்ல, 0999. இனிப் பாருங்கள்: 9990 – 0999 = 8991. 9981 – 1899 = 8082. 8820 – 0288 = 8532. 8532 – 2358 = 6174. வந்துவிட்டது. இன்னொரு முறை போட்டாலும், 7641 – 1467 = 6174. அதற்குமேல் நகராது. நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கும் 1111, 2222 போன்றவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். மற்ற எந்த எண்ணானாலும் அதிகபட்சம் ஏழு கழித்தலில் 6174இல் வந்து நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடித்த டி.ஆர். கப்ரேகர், நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெரிய பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ கிடையாது. எண்களோடு விளையாடிக்கொண்டே இருந்தார். 1949இல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் இதை அறிவித்தார். 1975இல் ஒரு அமெரிக்க அறிவியல் இதழில் அவரைப் பற்றி எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. முப்பத்திரண்டு வருடம் கரும்பலகை முன் நின்றவள் நான். அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவது எனக்குத் தாங்குவதில்லை. மூன்று இலக்கத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு. நான் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள்.

ஒரு தாயார், கோவில்பட்டி: 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேருக்காவது பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். வருடத்துக்கு 365 நாள் இருக்கிறதே, எப்படி?

மகன் சொல்வது ஏறக்குறைய சரி அம்மா. அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நூற்றுக்கு 89 வாய்ப்பு இருக்கிறது. 23 பேர் இருந்தாலே பாதிக்குமேல் வாய்ப்பு.

நாம் எல்லாரும் 'என் பிறந்தநாளோடு யாருக்கு ஒத்துப்போகும்' என்றே யோசிக்கிறோம். அதற்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் 253 பேர் வேண்டும். இங்கே கேள்வி அதுவல்ல. யாரோ இருவருக்கு ஒத்துப்போனால் போதும். 40 பேர் ஒருவரோடொருவர் கைகுலுக்கினால் எத்தனை குலுக்கல்? 40ஐ 39ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள்: 780. அத்தனை ஜோடியில் ஒன்றுகூடவா பொருந்தாது?

வருகைப் பதிவேட்டை வைத்து இதைச் சரிபார்க்கலாம் என்று ஒருமுறை இறங்கினேன். ஒன்பது பிள்ளைகளுக்கு மே, ஜூனிலேயே பிறந்தநாள்! அந்தக் காலத்தில் ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளியில் சேர்க்கும்போது தேதியைப் பின்னோக்கிக் கணக்குப் பண்ணி எழுதிவிடுவார்கள். என் சான்றிதழிலும் ஜூன் 1தான். அம்மாவோ நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தவள் என்பார். அதனால் தாத்தா பாட்டிகளின் சான்றிதழை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். இப்போதைய பிள்ளைகளின் தேதிகளை வைத்துப் போடச் சொல்லுங்கள்.

ஆறாம் வகுப்பு மாணவர், சீர்காழி: 30 அடிக் கிணற்றில் தவளை பகலில் 3 அடி ஏறி இரவில் 2 அடி சறுக்கினால் எத்தனையாவது நாள் வெளியே வரும்?

28ஆம் நாள். 27 நாள் முடிவில் 27 அடியில் இருக்கும். மறுநாள் பகலில் 3 அடி ஏறினால் கரை. ஏறிய பிறகு ஏது சறுக்கல்?

போட்டித்தேர்வுக்குப் படிப்பவர், தேனி: 2100 லீப் ஆண்டா?

இல்லை. நூறில் முடியும் ஆண்டு 400ஆலும் வகுபட வேண்டும். 2000க்கு பிப்ரவரி 29 உண்டு. 1900க்கு இல்லை, 2100க்கும் இல்லை.

ஏழாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி: "வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்கிறார் எங்கள் பாட்டி. அது எவ்வளவு?

பாட்டியை விடாதே, இன்னும் நிறையக் கேள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. முக்கால் என்பது 12 வீசம். அதோடு மூணு வீசம் சேர்ந்தால் 15. ஆக, முழுமைக்கு ஒரே ஒரு வீசம்தான் பாக்கி!

நம் பின்னப் பெயர்கள் பங்கு போடும் வழியையும் சொல்லிவிடும். ஐந்து தோசை, எட்டுப் பேர். நம் பள்ளிக்கூடக் கணக்கில் ஆளுக்கு 5/8. அதை எப்படி வெட்டுவது? பாட்டி கணக்கில் அது அரையே அரைக்கால். அரைக்கால் என்றால் காலில் பாதி, எட்டில் ஒன்று. நான்கு தோசையை இரண்டிரண்டாக வெட்டினால் எட்டு அரை. ஐந்தாவதை எட்டாக வெட்டினால் எட்டு அரைக்கால். ஆளுக்கு ஒரு பெரிய துண்டு, ஒரு சின்னத் துண்டு. சண்டையே வராது.

சரி, இப்போது என் முறை. 15 அதிரசம், 16 பேர். எந்த அதிரசத்தை எத்தனையாக வெட்டுவாய்? விடையை மட்டும் எழுதாதே, வெட்டிய படத்தையும் வரைந்து அனுப்பு.