குறைகடத்தியில் இரண்டு பொருட்கள் தொடும் இடத்தை ஏன் இவ்வளவு ஆராய்கிறார்கள்?

கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. நல்ல கேள்வி. வன்னியில் குளக்கட்டு பார்த்து வளர்ந்தவருக்குச் சுலபமாகப் புரியும். மண்கட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதை ஊடுருவிக் கொங்கிறீற் துருசு போகும் பொருத்தில்தான் நீர் கசியப் பார்க்கும்.

மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிறிய ஆளியான திரான்சிற்றரிலும் அப்படித்தான். அது செய்யப்படும் சிலிக்கன் ஒரு குறைகடத்தி, அதாவது மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருள். சிலிக்கன் பளிங்குக்குள் ஒவ்வோர் அணுவும் நான்கு அயல் அணுக்களைப் பிடித்திருக்கும். பளிங்கு முடியும் விளிம்பில் சில கைகள் பிடிக்க ஆளில்லாமல் தொங்கும். ஓடிவரும் இலத்திரன்களை அவை பிடித்து வைத்துவிடும். சாதனம் சொன்னபடி கேட்காது. மேலே சிலிக்கனீரொட்சைட்டுப் படலம் வளர்த்தால் பெரும்பாலானவை அடங்கும். 1959இல் பெல் ஆய்வகத்தில் அத்தல்லாவும் காங்கும் மொஸ்பெற் என்னும் திரான்சிற்றர் வகையைச் செய்ய முடிந்தது இதனால்தான். மிச்சத்தை, பின்னாளில், ஐதரசன் வாயுவில் சூடாக்கி மூடினார்கள். ஓர் அணு ஒட்டிக்கொண்டால் ஒரு குறை தீர்கிறது! எனக்கு இதைவிட அழகான வேதியியல் இல்லை.

அப்புறம் திரான்சிற்றர் சிறிதாகச் சிறிதாகப் படலமும் மெலிந்து மின்னோட்டம் கசியத் தொடங்கவே, 2007இல் சில்லு நிறுவனமான இன்டெல் ஹஃப்னியம் என்னும் உலோகம் சார்ந்த படலத்துக்கு மாறியது. சரி, உங்கள் கூரைச் சோலார் பனலிலும் இதே பிரச்சினைதான்: விளிம்பில் பிடிபட்ட இலத்திரன் மின்சாரமாக வெளியே வராது.