கோவையில் தனியார் கல்லூரியா, நாகையில் அரசுக் கல்லூரியா?

கேள்வி: கோவையில் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். வயது 50, ஓய்வு பெறும் வயது 58. பிடித்தம் போக மாதம் 75,000 ரூபாய் கைக்கு வருகிறது. நீட் தேர்வில் மகள் எடுத்துள்ள மதிப்பெண்ணுக்கு நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ, கோவையிலேயே ஒரு தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டிலோ இடம் கிடைக்கும் என்கிறார்கள். தனியார் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 4.5 லட்சம், பேருந்து, புத்தகம் எல்லாம் சேர்த்தால் 5.5 லட்சம், ஐந்து ஆண்டுகள் கட்ட வேண்டும். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் மனைவிக்கு அதில்தான் விருப்பம். சொந்த வீட்டின் பேரில் 20 லட்சம் கல்விக் கடன் வாங்கிவிட்டு, மீதியை வங்கியில் உள்ள 12 லட்ச ரூபாய் வைப்புநிதியிலிருந்து கட்டலாமா? மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான்.

பதில்: கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் நாகப்பட்டினத்தைக் கோவைத் தனியார் கல்லூரிக்கு மேலே வையுங்கள் என்பதே என் கருத்து. கட்டண வித்தியாசத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது, இந்தக் கடனின் தவணை உங்களுடைய எந்த வயதில் தொடங்கி எந்த வயதில் முடிகிறது என்பதுதான்.

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள்; அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி; ஆக 66 மாதங்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். விடுதி, உணவு, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாவற்றுக்கும் மாதம் 10,000 ரூபாய் என்று தாராளமாகவே ஒதுக்கினாலும் மொத்தச் செலவு 7.5 லட்சத்தை ஒட்டித்தான் வரும். தனியார் கல்லூரியிலோ நீங்கள் சொல்லும் கணக்கின்படியே 27.5 லட்சம். இடையில் உள்ள 20 லட்சமும் நீங்கள் வாங்க நினைக்கும் கடன் தொகையும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கடனை ஆண்டுக்கு 4 லட்சமாக ஐந்து முறை வங்கி விடுவிக்கிறது என்றும், வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் ஆறரை ஆண்டுகளில் 9 லட்சம் சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 29 லட்சமாக நிற்கும். பத்தாண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 38,300 ரூபாய், மொத்தத்தில் 46 லட்சம் கட்ட வேண்டும். முதல் தவணை வரும்போது உங்களுக்கு வயது ஐம்பத்தாறரை; கடைசித் தவணையின்போது அறுபத்தாறரை. ஏறக்குறைய எட்டரை ஆண்டுகள் சம்பளம் இல்லாத காலத்தில் விழுகின்றன. பி.எஃப். திட்டத்தின் ஓய்வூதியம் 15,000 ரூபாய் ஊதிய வரம்பை வைத்தே பொதுவாகக் கணக்கிடப்படுவதால், 30 ஆண்டு பணிக்காலம் இருந்தாலும் மாதம் 7,000 ரூபாயை ஒட்டித்தான் கிடைக்கும். மகள் கட்டிவிடுவாள் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் அவர் முதுநிலைக்கான நீட் தேர்வுக்கு உட்கார வேண்டிய காலமும் அதுவே. 38,000 ரூபாய்த் தவணை தலைக்கு மேல் இருக்கும் இளம் மருத்துவர், படிப்பை ஒத்திவைத்துவிட்டுக் கிடைத்த மருத்துவமனையில் இரவுப் பணிக்குச் சேர்ந்துவிடுவார். மகன் கல்லூரியில் சேரும் ஆண்டும் அதற்கு முன்பே, மகளின் ஐந்தாவது கட்டணத்தோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். அந்த வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டுவது பழைய வரி முறையில் மட்டுமே செல்லும். புதிய முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு இப்போது வரியே இல்லாத நிலையில், உங்கள் சம்பளத்துக்கு அந்தச் சலுகையால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. பிரதமரின் வித்யாலட்சுமி திட்ட வட்டி மானியமும் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கே உரியது.

இனி, கல்லூரியின் தரம். நாகை கல்லூரி, 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று. நகரை விட்டுத் தள்ளி ஒரத்தூரில் இருக்கிறது. புதிய கல்லூரி என்ற தயக்கம் நியாயமானதே. ஆயினும் இரண்டு கல்லூரிகளுக்கும் பட்டம் தருவது ஒரே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான், முதுநிலை இடத்தைத் தீர்மானிப்பது நீட் தரவரிசை. நோயாளிகளின் எண்ணிக்கையில்தான் உண்மையான வேறுபாடு இருக்கக்கூடும். ஆகவே ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்கு இரண்டு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுக்கும் நேரில் போய்ப் பாருங்கள். பயிற்சி மருத்துவர்களிடம், பிரசவம் எத்தனை பார்த்தீர்கள், தையல் போட விடுகிறார்களா, உதவித்தொகை மாதாமாதம் கைக்கு வருகிறதா என்று கேளுங்கள். கட்டட அழகைவிட இந்தப் பதில்கள் அதிகம் சொல்லும்.

உங்கள் மனைவியின் கவலையை நான் ஒதுக்கவில்லை. மகளைத் தனியாக விட மனம் ஒப்பவில்லை என்றால், அவர் நாகையில் வீடு எடுத்து உடன் தங்கட்டும். மாதம் 20,000 ரூபாய் செலவானாலும் மொத்தம் 14 லட்சத்தைச் சுற்றித்தான் வரும். அப்போதும் தனியார் கல்லூரியைவிட 13 லட்சம் குறைவு. வீட்டை விட்டு விலகி இருக்கவே முடியாத உடல்நிலைக் காரணம் ஏதேனும் மகளுக்கு இருந்தால் மட்டும் கோவையை முதலில் வைக்கலாம். அப்போதும் பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள், படிப்புக் காலத்திலேயே வட்டியை மாதாமாதம் கட்டி, கடன் வளராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகை அமைந்தால், விடுதிச் செலவு சம்பளத்திலிருந்தே போகட்டும். வைப்புநிதியை மகனுக்காக அப்படியே விட்டுவிடுங்கள். அதுபோக மாதம் 15,000 ரூபாய் தொடர் வைப்பில் போட முடிந்தால், 7 சதவீத வட்டியில் மகள் பயிற்சியை முடிக்கும்போது ஏறத்தாழ 12 லட்சம் இருக்கும். முதுநிலைத் தேர்வுக்கு ஓராண்டு முழுமூச்சாகப் படிக்க அது போதும். உங்கள் பெயரில் டேர்ம் காப்பீடு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு இல்லையென்றால் அதை முதலில் எடுங்கள்.

கடைசியாக, விருப்பப் பட்டியலை இரண்டு கல்லூரிகளோடு நிறுத்திவிடாதீர்கள். திருப்பூர், பெருந்துறை, நாமக்கல், கரூர், திண்டுக்கல் ஆகிய அரசுக் கல்லூரிகளை நாகைக்கு மேலே எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை. மேலே உள்ளது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததைப் பார்ப்பார்கள். அடுத்த சுற்றில் இடம் மாறுவதற்கும், சேர்ந்தபின் விலகுவதற்கும் உள்ள நிபந்தனைகளை இவ்வாண்டின் கையேட்டில் படித்துவிட்டு, அதன்பிறகே பட்டியலை லாக் செய்யுங்கள்.