கேள்வி–பதில்: வனுவாட்டு உலக நீதிமன்றத்துக்குப் போன வழி

கேள்வி: மூன்று லட்சம் பேர் சொச்சம் வாழும் பசிபிக் தீவு நாடான வனுவாட்டு, பருவநிலை விஷயத்தில் பெரிய நாடுகள் மீது நேரடியாக வழக்குப் போடாமல் ஐ.நா. வழியாகச் சுற்றிப் போனது ஏன்?
– வாசகர், தேனி

பதில்: நேர்வழி அடைபட்டிருக்கிறது. தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் ஒரு நாட்டை விசாரிக்க, அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே தருவதுதான் ‘கட்டாய அதிகார வரம்பை’ ஏற்பது; சீனா அதை ஏற்கவில்லை. அமெரிக்கா 1980களிலேயே விலகிக்கொண்டது. மிச்சமிருந்தது ஐ.நா. சாசனத்தின் 96-ஆம் பிரிவு. எந்தச் சட்டக் கேள்வியிலும் பொதுச்சபை அந்த நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்கலாம். பொதுச்சபையில் அமெரிக்காவுக்கும் ஒரே ஓட்டு, வனுவாட்டுவுக்கும் ஒரே ஓட்டு.

யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பதில் கிடைக்கும். அணு ஆயுதம் சட்டப்படி செல்லுமா என்று உலக சுகாதார நிறுவனமும் பொதுச்சபையும் தனித்தனியாகக் கேட்டிருந்தன. 1996 ஜூலை 8 அன்று, ‘இது உங்கள் வேலைக்குள் வராது’ என்று முதலாவதைத் திருப்பிவிட்ட நீதிமன்றம், அதே நாளில் பொதுச்சபைக்குப் பதில் சொன்னது.

அடுத்தது ஆள் சேர்ப்பது. 2011-ல் பலாவு என்ற இன்னொரு பசிபிக் தீவு நாடு இதே முயற்சியில் இறங்கி, அமெரிக்க எதிர்ப்பால் பாதியில் நின்றது. வனுவாட்டு முதலில் ஜெர்மனி, வியட்நாம், உகாண்டா, சிங்கப்பூர் எனக் கண்டத்துக்குச் சில நாடுகளை உட்காரவைத்துத் தீர்மான வாசகத்தை எழுதியது. ‘பருவநிலையைக் காப்பதில் நாடுகளின் கடமை என்ன, தவறிப் பெரும் சேதம் விளைவித்தால் சட்ட விளைவு என்ன’ என இரண்டே கேள்விகள். எந்த நாட்டின் பெயரும் கிடையாது. போட்டிருந்தால் பாதிப் பேர் கழன்றிருப்பார்கள் என்பது என் கணிப்பு. 2023 மார்ச் 29 அன்று, 130-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து முன்மொழிய, ஓட்டெடுப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது.

கேள்வி: அந்தக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாதாமே?
– வாசகர், காரைக்குடி

பதில்: கட்டுப்படுத்தாதுதான். ஆனால் 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதை எந்த நாட்டுக் கோர்ட்டிலும் வக்கீல்கள் எடுத்துக்காட்டலாம்.

கேள்வி: ஐ.நா.வுக்குச் சந்தா கட்டாத நாட்டுக்கு ஓட்டு போய்விடுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பொதுச்சபையில் போய்விடும். பாக்கி, முந்தைய இரண்டு முழு ஆண்டுச் சந்தாவை எட்டினால் சாசனத்தின் 19-ஆம் பிரிவு பாயும். வழக்கமான பட்ஜெட்டில் மிகக் குறைந்த பங்கு 0.001 சதவீதம், வனுவாட்டு கட்டுவது அதுதான். அப்படியும் 2022 ஜனவரியில் அதன் பெயர் ஓட்டிழந்தவர்கள் பட்டியலில் இருந்தது. ஓட்டு ஒன்றே பலம் என்று இருக்கும் நாட்டுக்கு இது விபரீதம். மீட்க முழு பாக்கியும் கட்ட வேண்டாம். வரம்புக்குக் கீழே இறங்கும் தொகை போதும்.