பார்க்லியும் ஜான்சன் உதைத்த கல்லும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் எங்களுக்குத் தத்துவ அறிமுகம் ஒரு பாடம். சென்ற வாரம் ஜார்ஜ் பார்க்லி நடந்தது. ‘புலனுக்குத் தெரிவதே இருப்பது’ என்றாராம். அப்படியானால் நான் அறையை விட்டு வெளியே போனால் மேசை மறைந்துவிடுமா? உலகமே பிரமை என்பவரை, அனுபவத்திலிருந்தே அறிவு வருகிறது என்கிற அனுபவவாதிகளோடு ஏன் சேர்க்கிறார்கள்? சங்கரர் சொன்னதும் இதுவும் ஒன்றா? ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் கல்லை உதைத்ததோடு விவாதம் முடிந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. பார்க்லியைப் படிப்பதென்றால் எதில் தொடங்குவது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் பார்க்லியைத்தான் திரும்பவும் வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: பார்வை பற்றி அவர் 1709இல், 24 வயதில் எழுதிய சிறு நூலில் தொடங்குங்கள். உங்கள் பாடத்திட்டத்தில் அது இருக்காது. மற்ற கேள்விகள் உங்களுக்கு வந்ததே அதனால்தான்.

உலகம் பிரமை என்று பார்க்லி எங்கே சொன்னார்? பக்கத்தைக் காட்டுங்கள். 1710இல் வந்த ‘மனித அறிவின் கோட்பாடுகள்’ நூலின் 35ஆம் பத்தியில், கண்ணால் பார்ப்பதும் கையால் தொடுவதும் உண்மையாகவே இருக்கின்றன, அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை என்று எழுதியிருக்கிறார். தத்துவவாதிகள் பருப்பொருள் என்று சொல்வதை மட்டுமே மறுக்கிறேன் என்கிறார். மேசைக்கான பதில் 3ஆம் பத்தியில் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்த முதல் கால் மணி நேரத்தில் கிடைத்துவிடும். திறக்காமலே ஒருவரை ஒதுக்கித் தள்ளும் பழக்கம் இந்த வயதில் உங்களுக்கு வேண்டாம்.

ஜான்சன் கதையை, அவர் வாழ்க்கையை எழுதிய நண்பர் பாஸ்வெல் எழுதி வைத்திருக்கிறார். 1763, ஹாரிச் ஊரின் தேவாலயத்திலிருந்து வெளியே வந்து இருவரும் பார்க்லியின் கருத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். இதோ இப்படி மறுக்கிறேன் என்று ஜான்சன் ஒரு பெரிய கல்லை ஓங்கி உதைக்கிறார். அவருக்குக் கிடைத்தது என்ன? காலில் ஒரு கெட்டித்தன்மை, கொஞ்சம் வலி, கண்ணுக்கு ஒரு நிறம், ஒரு வடிவம். அத்தனையும் புலனில் வந்தவை. அத்தனையையும் பார்க்லி ஒப்புக்கொள்கிறார். இவற்றுக்கெல்லாம் பின்னால், எந்தப் புலனுக்கும் எட்டாமல், இவற்றைத் தாங்கிக்கொண்டு பருப்பொருள் என்று ஏதோ ஒன்று இருக்கிறது என்று பார்க்லிக்கு முந்தைய அனுபவவாதி ஜான் லாக் சொன்னார். அது என்னவென்று தனக்குத் தெரியாது என்றும் சேர்த்தே சொன்னார். அனுபவத்திலிருந்துதான் அறிவு வருகிறது என்று சொல்லிவிட்டு, யார் அனுபவத்துக்கும் வராத ஒன்றை எப்படி உள்ளே விடுவீர்கள் என்பதுதான் பார்க்லியின் சண்டை. அனுபவவாதிகளில் லாக்கைவிடக் கறாரானவர் அவர்தான்.

சங்கரரை இப்போது இழுக்க வேண்டாம். வெளிப்பொருளே கிடையாது என்ற பௌத்தர்களை அவரே பிரம்மசூத்திர உரையில் கடுமையாக மறுத்திருக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்வை நூலுக்கு வருகிறேன். தொலைவு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் அதன் தொடக்கம். ஒரு பொருளுக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள கோடு அதன் நுனியை மட்டுமே கண்ணுக்குக் காட்டுகிறது. கோடு நீளமானாலும் குட்டையானாலும் கண்ணின் அடியில் விழுவது ஒரே புள்ளி. பிறகு எப்படி இது கிட்டே, அது எட்டே என்று அறிகிறோம்? இரு கண்களின் கோணத்தைக் கொண்டு என்றார்கள் கணிதக்காரர்கள். அந்தக் கோணத்தை யார் பார்த்தது என்று கேட்கிறார் பார்க்லி. கண்ணைத் திருப்பும்போது உண்டாகும் இழுப்பு, உருவத்தின் மங்கல், தெளிவு இவையெல்லாம் வெறும் அடையாளங்கள். அவற்றின் பொருளைக் கையும் காலும்தான் நமக்குக் கற்றுத்தருகின்றன. குழந்தையிலிருந்தே கற்றுவிட்டதால், கற்றது மறந்து, தொலைவைப் பார்ப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம்.

என் அம்மாவுக்கு ஒரு கண்ணில் அறுவை முடிந்து கட்டுப் போட்டிருந்த நாட்களில் இதை நேரில் பார்த்தேன். டம்ளரிலிருந்து டபராவுக்குக் காப்பி ஆற்றுவார். அத்தனை வருடக் கைப்பழக்கம், ஆனால் காப்பி ஒரு விரற்கடை தள்ளி மேடையில் விழும். ரொம்பவும் அழுத்தமானவர், கலங்கிப்போய்விட்டார். பிறகு தானாகவே ஒரு வழி கண்டுகொண்டார். இடது விரலால் டபராவின் விளிம்பைத் தொட்டு, டம்ளரை அந்த விரல்மேல் முட்டவைத்து, அப்புறம்தான் சாய்ப்பார். கட்டு அவிழ்வதற்குள் விரல் தேவைப்படவில்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தொடுகை பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டது.

1728இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், சிறுவயதிலேயே பார்வை போன ஒரு பையனுக்குக் கண்புரை நீக்கியதைப் பதிவுசெய்தார். பையனுக்கு 13, 14 வயது. பார்த்ததெல்லாம் தன் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னான். பூனை எது, நாய் எது என்று அவனுக்குக் குழம்பும், கேட்க வெட்கம். ஒரு நாள் பூனையைப் பிடித்தான். கை சொல்லிவிட்டது. அதை உற்றுப் பார்த்து, இனி உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று இறக்கிவிட்டான். பின்னாளில் பார்க்லி தன் கட்சிக்கு இந்தப் பையனைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

இங்கிருந்துதான் அவருடைய மெய்யியல் எழுகிறது. கண்ணுக்கு வருபவை ஒரு மொழி, ஒழுங்கு மாறாத, கற்றுக்கொள்ளக்கூடிய மொழி என்றால், அதைப் பேசுவது யார்? கடவுள் என்கிறார் பார்க்லி. அவர் பின்னாளில் பிஷப் ஆனவர் என்று சொல்லி இதைத் தட்டிவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி அவர் வாதத்தில் நியாயமாக எழுகிறது. உயிரற்ற, யாரும் அறியாத ஒரு பொருள் இந்த ஒழுங்கைத் தருகிறது என்பதைவிட அவர் பதில் மேலானது என்றே நினைக்கிறேன். தன்னிடம் யாரோ இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவரைப் போய் உலகம் பிரமை என்றவர் என்கிறீர்களே!

பார்வை நூலை முடித்துவிட்டு 1710 நூலின் முதல் 35 பத்திகளைப் படியுங்கள். 1713இல் வந்த உரையாடல்கள் அதற்குப் பிறகு. 1710 நூலின் 23ஆம் பத்தியில், யாரும் நினைக்காத ஒரு மரத்தை நினைத்துப் பார் என்று ஒரு சவால் விடுகிறார். அந்த வாதத்தில் ஓட்டை இருப்பதாக நான் நினைக்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.