வாசகர் கேள்வி: சுயநலம் யாருக்கு அதிகம், அப்பாவுக்கா மகளுக்கா?

கேள்வி (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு):

எனக்கு 34 வயது, கல்யாணம் ஆகவில்லை. கோலாலம்பூரில் நல்ல வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. போகிறேன் என்று சொன்னதும் அப்பா, "உங்க தலைமுறையே சுயநலம் பிடிச்சது" என்று ஆரம்பித்துவிட்டார். இவர் 2012-இல் 55 வயதானதும், சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமநிதிப் பணம் மொத்தத்தையும் எடுத்து, வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டி, மீதியில் அண்ணன் கல்யாணத்தைத் தடபுடலாக நடத்தினார். அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துச் சேர்த்ததும் அதிலேயே போனது. இன்றைக்கு வீட்டுச் செலவு முழுக்க என் தலையில். சம்பள நாளன்று கரண்டு பில்லை நாலாக மடித்து என் கைப்பை மேல் வைத்துவிடுவார், வாய் திறந்து கேட்க மாட்டார். அண்ணன் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறான், "அவனுக்குக் குடும்பம் இருக்கு" என்பார்கள். நீங்களே சொல்லுங்கள், பழைய தலைமுறைக்குத்தானே சுயநலம் அதிகம்?

பதில்:

முதலில் அப்பா பக்கம் கொஞ்சம் பேசிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு 55 ஆன வருஷமே வில்லங்கமான வருஷம். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 ஜூலை 1-ஆம் தேதி. அதற்கு முன்னால் பல கம்பெனிகளில் 55 ஆனதும் ஒரு கேக் வெட்டி, கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அன்றுவரை அவ்வளவு பெரிய தொகையை ஒன்றாகப் பார்த்தே இராத மனிதர் கையில் பணம் வருகிறது, அதை இன்னும் இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட பக்கத்தில் யாரும் இல்லை, சொந்தக்காரர்களோ பையன் கல்யாணம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேமநிதியைத் தொலைத்தது பெரிசுகள் மட்டும்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். கோவிட் காலத்தில் சிறப்பு அனுமதியில் சேமநிதியிலிருந்து வெளியே போனது ஏறக்குறைய 145 பில்லியன் ரிங்கிட். எடுத்தவர்கள் 55 வயதுக்குக் கீழே இருந்தவர்கள். பலருக்கு வேறு வழி இல்லை, அது தெரியும். அப்பாவிடம் கேட்டால் தனக்கும் வேறு வழி இல்லை என்றுதான் சொல்வார்.

அப்புறம் தலைமுறை விஷயம். இதை ஆராய்ச்சியாளர்கள் அலசிப் பார்த்திருக்கிறார்கள். 37,000 பேருக்கு மேல், 8 வயதுப் பிள்ளை முதல் 77 வயதுப் பெரியவர் வரை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2024-இல் ஒரு முடிவு வந்தது. தன்னைப் பற்றிய பெருமிதமும் தனக்கே எல்லாம் வேண்டும் என்கிற எண்ணமும் வயது ஏற ஏறக் குறைகிறதாம். ஆனால் கூடவே இன்னொன்றையும் சொல்கிறார்கள், எனக்குப் பிடித்தது அதுதான். பள்ளிக்கூடத்தில் தன் கூட்டாளிகளைவிட அதிகம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த பையன், தாத்தா ஆன பிறகும் மற்ற தாத்தாக்களைவிட ஒரு படி கூடுதலாகவே அப்படி இருப்பான். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் மேற்கு நாட்டுக்காரர்கள், அதனால் அப்படியே ஆயர் ஈத்தாமுக்கு இறக்குமதி செய்ய முடியாது. ஆனாலும் பிறந்த வருஷத்தைப் பார்த்து ஆளை எடை போடுவது வீண் வேலை என்பதற்கு இது போதும். 1976-இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் அந்தக் காலத்தையே 'நான்' என்கிற பத்தாண்டு என்று கிண்டலடித்தார். அவர் கிண்டலடித்த அந்த வாலிபர்களுக்கு இன்றைக்குப் பேரன் பேத்தி இருப்பார்கள், அவர்களும் இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் அப்பாவா நானா என்று கேட்டிருக்கிறீர்கள், நான் படித்த வரைக்கும் அது உங்கள் வீட்டுப் பிரச்சினையே இல்லை. அண்ணன் உங்கள் தலைமுறைதானே? கல்யாணச் செலவு அவருக்கு, கரண்டு பில் உங்களுக்கு. அம்மா அப்பாவின் தலைமுறைதானே? இரவு ஷிஃப்டில் கண் விழித்துச் சேர்த்த பணம், யாருடைய முடிவில் செலவானது என்று நீங்கள் எழுதவில்லை, 'அதிலேயே போனது' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஒரு வீட்டில் இரண்டு தலைமுறை, இரண்டிலும் கொடுத்தது பெண்பிள்ளை. இதைத் தலைமுறைச் சண்டை என்று வைத்துக்கொண்டால் அண்ணனுக்குத்தான் வசதி, அவர் பெயரே அடிபடாது!

அந்த மடித்து வைத்த பில் இருக்கிறதே, அதை நான் முழுக்கத் திமிர் என்று சொல்ல மாட்டேன். மகளிடம் கை நீட்டுவது அந்தக் கால அப்பாக்களுக்குப் பெரிய கூச்சம். நீங்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டீர்கள் என்கிற நிச்சயமும் அதிலேயே இருக்கிறது, கூச்சத்தை வைத்தே காரியம் நடந்துவிடுகிறது. மகனுடைய பைமேல் அவர் பில் வைத்துப் பார்த்திருக்கிறாரா?

வேலைக்குப் போங்கள். போவதற்கு முன் அம்மாவைத் தனியாக உட்கார வைத்து அவருக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள், அது அவர் கணக்குக்கே நேராகப் போகட்டும். மீதிச் செலவை எழுதி, அண்ணனையும் அப்பாவையும் வைத்துக்கொண்டு பாதிப் பாதி என்று பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், நேரில். "அவனுக்குக் குடும்பம் இருக்கு" என்றால், எனக்கும் இருக்கிறது, அது இந்த வீடுதான் என்று சொல்லுங்கள். இன்னொரு சின்ன விஷயம், பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வருமான வரியில் 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு, ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி (71 வயது வாசகர், புக்கிட் மெர்தாஜாம்):

நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து கட்டினோம். இப்போதைய பிள்ளைகள் தைப்பூசத்துக்கு வந்தாலும் கைப்பேசியில் தங்கள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொது காரியம் என்றால் என்னவென்று தெரியுமா இவர்களுக்கு?

பதில்:

ஐயா, நீங்கள் செய்ததை யாரும் மறுக்க முடியாது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, ரப்பர் பால்மரம் வெட்டுகிற தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை வாங்கித்தான் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார். ஆனால் தோட்டத்தில் லயத்து வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, வேலையும் ஒரே இடம், வேலையை விட்டு நிறுத்தினால் எல்லாரையும் நிறுத்துவார்கள், தோட்டத்தை விற்றால் எல்லார் வீடும் போகும். அப்படி ஒரு நிலைமையில் சேராமல் இருப்பதுதான் கஷ்டம். உங்கள் பேரன் பதினெட்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறான், அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாது, உயர்கல்விக் கடன் வேறு கழுத்தில் தொங்குகிறது.

தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் தண்ணீர்ப் பந்தல்களில் ராத்திரி இரண்டு மணிக்கு மோர் ஊற்றிக்கொண்டிருக்கிற பையன்களைப் பார்த்திருப்பீர்களே. பாட்டை அலற விடுகிறார்கள், அது எனக்கும் தலைவலிதான், அதற்குத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். 2019-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றில், நிறையப் படிக்கிற பெரியவர்கள்தான் இன்றைய பிள்ளைகள் படிப்பதில்லை என்று அதிகம் குறைபட்டார்களாம், அதிகாரத்துக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் பெரியவர்களிடம் மரியாதை போய்விட்டது என்றார்களாம். நாம் எதில் கெட்டியோ அதில்தான் பிள்ளைகள் சோடையாகத் தெரிகிறார்கள். நீங்கள் பொது காரியத்தில் கெட்டி, அதனால் உங்களுக்கு அது உறுத்துகிறது.

கேள்வி (வாசகி, செந்தூல், கோலாலம்பூர்):

அடுத்த வருஷம் எனக்கு 55. மகள் தனியார் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுத்துக் கொடுக்காவிட்டால் நான் சுயநலக்காரி ஆகிவிடுவேனா?

பதில்:

ஆகுங்கள், தப்பே இல்லை. மேலே ஆயர் ஈத்தாம் வாசகியின் கடிதத்தை உங்கள் மகளிடம் படிக்கக் கொடுங்கள். 55 ஆனால் மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது, வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவைத்தால் லாப ஈவு வந்துகொண்டே இருக்கும், 55-க்குப் பிறகு வேலை பார்த்தால் புதிதாகச் சேர்கிற பணம் தனிக் கணக்கில் 60 வரை இருக்கும். மகளுக்கு அரசாங்கத்தின் உயர்கல்விக் கடன் இருக்கிறது, 1997-லிருந்து கொடுக்கிறார்கள், வேலைக்குப் போய் அவள் கட்டிக்கொள்வாள். அந்தக் கல்லூரியும் பாடமும் அந்தக் கடனுக்குத் தகுதி உள்ளதா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டர் கட்டணத்துக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள், அது போதும். சேமநிதிக்கு வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு சேமநிதிக் கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.