கடவுள் மேல் கோபமான பாட்டுகள்

கேள்வி: ஐயா, என் மகன் மதுரையில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். எந்நேரமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹெவி மெட்டல் என்று ஏதோ கேட்கிறான். நோட்டின் பின்பக்கமெல்லாம் சாவு, வெறுமை, கடவுள் கைவிட்டுவிட்டார் என்று பாட்டு வரிகள். போன வருஷம் அவன் தாத்தா கேன்சரில் தவறியதிலிருந்து கோவிலுக்கும் வருவதில்லை. அவருக்காகப் பதினெட்டாம்படி கருப்புக்கு வேண்டிக்கொண்டு அழகர்கோவிலுக்கு நடந்தே போனவன் அவன். இந்தப் பாட்டுதான் அவனைக் கெடுக்கிறதா?
- ஒரு தாய், மேலூர்

பதில்: அம்மா, நடுவில் போகிறபோக்கில் தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. வேண்டிக்கொண்டு நடந்தான், தாத்தா பிழைக்கவில்லை. அந்தக் கோபத்தை அவன் வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வான்?

ஹெவி மெட்டல் என்பது இரைச்சலும் வேகமும் கூடிய ஒரு வகை ராக் இசை. அதை வாசிக்கும் மெட்டாலிகா குழுவின் 1991 ஆல்பத்தில் 'தி காட் தட் ஃபெயில்ட்', அதாவது பொய்த்துப்போன கடவுள், என்று ஒரு பாட்டு உண்டு. அதை எழுதிப் பாடிய ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் பெற்றோர் கிறிஸ்டியன் சயின்ஸ் என்ற மதப்பிரிவைச் சேர்ந்தவர்கள், மருந்தை விட ஜெபத்தை நம்பியவர்கள். அவருடைய அம்மா கேன்சருக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளாமலே இறந்துபோனார், அப்போது பையனுக்கு 16 வயது. உங்கள் மகன் இந்த மாதிரிப் பாட்டுகளில் எதைக் கேட்கிறான் என்று புரிகிறதா? எல்லா மெட்டலும் கடவுளைத் திட்டுவதும் இல்லை, பிளாக் சாபத் என்ற மெட்டல் குழுவினர் 1971-லேயே 'ஆஃப்டர் ஃபாரெவர்' பாட்டில் உன் ஆத்மாவைப் பற்றி யோசித்தாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவாதவூர்க்காரர் மாணிக்கவாசகர். அவருடைய திருவாசகத்தில் வரும் நீத்தல் விண்ணப்பத்தைப் படித்துப் பாருங்கள், 50 பாட்டிலும் என்னை விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று ஒரே தவிப்பு. அதை நாம் பக்தியாக ஓதுகிறோம், உங்கள் பையன் நோட்டில் எழுதினால் மட்டும் பயந்துவிடுகிறோம்.

ஆனால் ஒன்று. சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலோ, பிரியமாக வைத்திருந்த பொருளை எடுத்து யாருக்காவது கொடுத்தாலோ, நான் இல்லாவிட்டால் என்ன என்கிற மாதிரி பேசினாலோ தள்ளிப்போடாதீர்கள். சாகணும்னு தோணுதாப்பா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். டாக்டரிடமும் கூட்டிப்போங்கள்.

மற்றபடி நோட்டைக் கிழிக்க வேண்டாம், ஹெட்போனைப் பிடுங்க வேண்டாம். எந்த வரி பிடிக்கும், ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அப்புறம் தாத்தா பேச்சை எடுங்கள். சாமி ஏன் கேட்கவில்லை என்று அவன் வெடித்தால் சமாதானம் சொல்லப் போகாதீர்கள், முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். கோவிலுக்கு எப்போது வருவாய் என்ற கேள்வி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.